உற்பத்தி லைன் நின்றுவிட்டதா? சரக்கு வரும் வழியில் அடைப்பைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு சிறிய உணவுத் தொழிற்சாலையில் கொள்வனவும் களஞ்சியமும் என் பொறுப்பு. மாம்பழக் கிரஷ், நெல்லிக் கிரஷ் (தண்ணீர் கலந்து குடிக்கிற கெட்டிப் பழச்சாறு), மிளகாய்த்தூள், ஊறுகாய் செய்கிறோம். மாம்பழம் பக்கத்து ஊர்களான உரும்பிராயிலிருந்தும் ஊரெழுவிலிருந்தும் சைக்கிளில்கூட வந்துவிடும். அதை அடைக்கிற போத்தல், மூடி, சீனி, சிற்றிக் அமிலம், லேபல், மட்டைப்பெட்டி எல்லாம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் ஏ9 வீதியால் வரவேண்டும்.

வைத்தியரிடம் போகிறவர் "எனக்கு ஈரலில் கோளாறு" என்று சொல்வதில்லை. "சாப்பாடு இறங்குதில்லை" என்பார். தொழிற்சாலையிலும் அப்படித்தான், "விநியோகச் சங்கிலி இடர்" என்று யாரும் வந்து முறையிடுவதில்லை. அதனால் நாங்கள் வாயால் சொல்கிற முறைப்பாடுகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய் வாசியுங்கள். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்: உங்களுக்குத் தருகிறவருக்கு யார் தருகிறார்?

"எல்லாம் இருக்குது, ஆனால் லைன் நிற்குது"

முதலில் பார்க்க வேண்டியது, இல்லாமல் போன பொருளின் விலை. பெரும்பாலும் அது பத்து ரூபாய்க்கு உட்பட்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

எங்களுக்கு நடந்தது ஓர் ஆடி மாதம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்து கிடக்கிறது, கூழ் காய்ச்சி முடிந்துவிட்டது. மூடி இறுக்கும் மெஷினில் நிற்கிற அக்கா கூப்பிட்டார்: "தம்பி, மூடி சுத்துது, ஆனால் பிடிக்குதில்லை." ஒரு போத்தலை எடுத்துக் குப்புறப் பிடித்தேன். உள்ளங்கையில் பிசுபிசுவென்று மூன்று சொட்டு. போத்தல் புதிதாக வந்த லொட் (தொகுதி), மூடி பழைய லொட். பழைய போத்தல் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வாய் இரண்டுக்கும் ஒரே அளவு, 28 மில்லிமீற்றர். கழுத்து மட்டும் புதியதில் ஒரு சிறுவிரல் நக அளவுக்குக் கட்டை.

அப்போதுதான் விளங்கியது. 28 மில்லிமீற்றர்ப் பெட் பிளாஸ்டிக் போத்தல் கழுத்தில் பரவலாக இருப்பவை இரண்டு. பழைய வகை பிசிஓ 1810, கழுத்து உயரம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்க வந்த புதிய வகை பிசிஓ 1881, ஏறக்குறைய 17. ஒன்றின் மூடி மற்றதில் சுற்றும், ஆனால் அடைக்காது. எங்களுக்குப் போத்தல் ஊதித் தருகிறவருக்கு பிரிஃபோமுக்கு (சூடாக்கிப் போத்தலாக ஊதுகிற சிறு பிளாஸ்டிக் குழாய்) தட்டுப்பாடு வந்திருக்கிறது, அவர் வேறு இடத்தில் வாங்கி ஊதி அனுப்பிவிட்டார். கேட்டால், "28தானே அண்ணை, ரெண்டும் ஒண்டுதான்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஓடரில் நாங்களும் "28 மி.மீ. போத்தல்" என்றுதான் எழுதியிருந்தோம்.

அன்றைக்குச் செய்யவேண்டியது: பழுதாகக்கூடியதை முதலில் காப்பாற்றுங்கள். கூழைச் சூட்டோடு பெரிய வாளிகளில் அடைத்துக் குளிரறைக்குள் வைத்தோம். அடுத்து, பக்கத்துக் கொம்பனிக்காரரிடம் மூடி கடன் கேளுங்கள். போட்டியாளர்தான், ஆனால் போன வருடம் அவருக்குச் சீனி முடிந்தபோது நாங்கள் கொடுத்திருந்தோம், அவர் மறக்கவில்லை. வெட்கப்படுகிற நேரத்தில் இன்னும் நாலு கூடை பழம் அழுகிவிடும்.

அப்புறம் நிரந்தரமாகச் செய்யவேண்டியது. களஞ்சியப் பொருட்களைப் பணமதிப்பை வைத்து முதல்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று பிரிக்கிற முறை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அந்தக் கணக்கில் சீனி முதலில் வரும், மூடி கடைசியில் போகும், அதை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் பட்டியலை மாற்றினோம். "இது இல்லாவிட்டால் லைன் நிற்குமா? வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாமா?" என்ற இரண்டு கேள்விக்கும் வருகிற பதிலே தரம். சீனிக்கு யாழ்ப்பாண நகரத்திலேயே பத்துக் கடை இருக்கிறது. மூடிக்கு ஒன்றுமில்லை. ஓடரில் இப்போது கழுத்தின் இலக்கத்தையும் எழுதுகிறோம். ஒவ்வொரு லொட்டிலும் ஒரு போத்தலையும் ஒரு மூடியையும் பூட்டி, திகதி எழுதி, களஞ்சியத்துச் சுவரில் தொங்கவிடுகிறோம். பார்ப்பதற்குக் கோயில் நேர்த்திக் கட்டுகள் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

சின்னக் கொம்பனிக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கவேண்டாம். 1997 பெப்ரவரி 1ஆம் திகதி ஜப்பானில் ஐசின் என்ற நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலை தீப்பற்றியது. பிரேக்குக்கான ஒரு சிறிய வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதுமாகச் செய்து கொடுத்தது அந்த ஒரே இடம். கையிருப்பு சில மணித்தியாலத்துக்கே இருந்ததால், ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றன. அவர்களையும் மீட்டது அக்கம்பக்கத்துக் கொம்பனிகள்தான். வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் தங்கள் மெஷினில் அந்த வால்வைக் கடைந்து கொடுத்தார்கள்.

"இரண்டு பேரிடம் வாங்கினேன், இரண்டும் ஒரே கிழமையில் நின்றது"

இது மிளகாயில் பட்ட பாடம். ஒருவரை நம்பியிருக்கக்கூடாது என்று கொழும்புப் புறக்கோட்டையில் இரண்டு மொத்த வியாபாரிகளிடம் செத்தல் (காய்ந்த மிளகாய்) வாங்கினோம். நல்ல பாதுகாப்பு என்று முதலாளியிடம் சொல்லி மெச்சுப் பெற்றும் ஆயிற்று. ஒரு நாள் இருவரும் "இல்லை" என்றார்கள், அதுவும் ஒரே வசனத்தில்: "கொள்கலன் இன்னும் இறங்கேல்லை." அப்போதுதான் களஞ்சியத்துக்குள் போய் இருவருடைய சாக்குகளையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே நீல மையில் ஒரே முத்திரை, ஒரே லொட் இலக்கம், வாய் தைத்த நூலும் ஒன்று. இருவரும் ஒரே இறக்குமதியாளரிடம் வாங்கி, நடுவில் தங்கள் இலாபத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

வியாபாரியிடம் "நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று நேராகக் கேட்டால் சொல்லமாட்டார். சொன்னால் நாளைக்கு நீங்கள் நேரே போய்விடுவீர்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே சாக்கைப் பாருங்கள். முத்திரை, லொட், தையல். அதுவும் இல்லையென்றால் விலை ஏறிய நாட்களைக் குறித்து வையுங்கள். இருவரும் எப்போதும் ஒரே நாளில் ஒரே அளவு ஏற்றினால் ஊற்று ஒன்றோ என்று சந்தேகப்படுங்கள்.

இறக்குமதியாளரை மாற்றினாலும் போதாது என்பது அடுத்த படி. இலங்கைக்கு வரும் செத்தல் மிளகாயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. ஆந்திராவின் குண்டூர்ச் சந்தையில் விலை ஏறினால் புறக்கோட்டையில் எல்லாக் கடையிலும் ஏறும். இரண்டாவது ஊற்று வேண்டுமென்றால் அது வேறு மண்ணிலிருந்து வரவேண்டும். நாங்கள் கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் சிலரிடம் பேசி, தேவையில் ஒரு சிறு பங்கை வருடம் தவறாமல் வாங்குகிறோம். விலை கூட. நிறமும் கொஞ்சம் வேறு, ஆகவே கலவையைத் திரும்பச் சோதித்து எழுதி வைக்கவேண்டி வந்தது. முதலாளி ஒவ்வொரு முறையும் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பார். ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகு புதிதாகப் போய் நின்றால் அந்தக் கமக்காரர் எங்களுக்கு ஏன் தரவேண்டும்?

2025இல் உப்பு வந்து இதே கதையைச் சொல்லிப் போனது. மழையால் உப்பளங்களில் விளைச்சல் குறைந்து, நாலு பக்கமும் கடல் உள்ள நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். ஊறுகாய்க்கு உப்பில்லாமல் மூன்று மொத்தக் கடைக்குப் போன் பண்ணினேன். மூன்றும் ஒரே பதில். இவ்வளவுக்கும் ஆனையிறவு உப்பளம் எங்களுக்குப் பக்கத்தில். கிட்ட இருப்பதும் கிடைப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஓடர் எப்ப பார்த்தாலும் பிந்துது"

பிந்துகிறது என்றால் எங்கே பிந்துகிறது? இதற்கு ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு ஓடருக்கும் இந்தத் திகதிகளை எழுதுங்கள்: களஞ்சியத்தில் குறைகிறது என்று கண்ட நாள், ஓடர் போன நாள், அவர் ஒப்புக்கொண்ட நாள், காசு அவர் கணக்குக்குப் போன நாள், பொருள் தயாரான நாள், லொறி ஏறிய நாள், எங்கள் வாசலில் இறங்கிய நாள். பத்து ஓடர் எழுதிய பிறகு பாருங்கள்.

மட்டைப்பெட்டிக்கு நாங்கள் எழுதியபோது எனக்கே முகம் செத்துப்போயிற்று. அவ்வளவு நாளும் பெட்டிக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் மூன்று நாளில் செய்து முடித்திருக்கிறார். எங்கள் காசோலையில் இரண்டாவது கையெழுத்து வாங்க மூன்று நாள், அது மாற இரண்டு நாள், பிறகு லொறிக்காக நாலு நாள். லொறி ஏற்றுகிற இடத்துக்குப் போன் பண்ணினேன்.

"பெட்டி எப்பவோ வந்திட்டுது தம்பி. லொறி நிரம்பேல்லை. நிரம்பினால் வெளிக்கிடும்."

"எப்ப நிரம்பும் அண்ணை?"

"அது எனக்கென்னண்டு தெரியும்?"

மட்டைப்பெட்டி பாரமில்லாமல் இடத்தை அடைக்கிற சாமான். லொறிக்காரர் அதைக் கடைசியாகத்தான் ஏற்றுவார். இப்போது இன்னொரு கொம்பனியோடு சேர்ந்து கிழமைக்கு ஒரு லொறி பேசியிருக்கிறோம், சீனி அடியில், பெட்டி மேலே. பெட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமலே பிந்துகிற நாட்களில் பாதி குறைந்தது.

எவ்வளவு மிஞ்சும்போது அடுத்த ஓடர் போடவேண்டும் என்பதையும் அதே கொப்பி சொல்லும். மூடியை எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்கு வட்டமான எண்கள்: நாளுக்குச் சராசரி 2,000, மும்முரமான நாளில் 2,600. வந்து சேர வழக்கமாக 9 நாள், மோசமான முறை 21 நாள். மோசமானதை மோசமானதால் பெருக்குங்கள்: 2,600 × 21 = 54,600. கையிருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஓடர் போகவேண்டும். வழக்கமான தேவை 2,000 × 9 = 18,000. இரண்டுக்கும் இடையிலுள்ள 36,600 மூடிதான் கெட்ட காலத்துக்கான கையிருப்பு.

இது மிகை என்று கணக்காளர் சொல்வார். சரி, அவருடைய மொழியிலேயே பேசுவோம். மூடி ஒன்று 6 ரூபாய் என்றால் 36,600 மூடியில் 219,600 ரூபாய் முடங்குகிறது. வங்கி வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 26,352 ரூபாய். லைன் ஒரு நாள் நின்றால் 2,000 போத்தல், போத்தலுக்கு 60 ரூபாய் மிஞ்சும் என்றால் 120,000 ரூபாய். சம்பளம் தனி. இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், வாக்குவாதம் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கை எல்லாப் பொருளுக்கும் போட்டுவிடாதீர்கள். போட்டால் அடுத்த அறிகுறி வரும்.

"களஞ்சியம் நிரம்பி வழியுது, வேண்டியது மட்டும் இல்லை"

பயத்தில் வாங்கியதன் விளைவு இது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரத்தையும் பற்றரியையும் எண்ணி எண்ணிப் பாவித்தவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டுப்பட்ட பிறகு 2009 வரை கப்பலில் வந்ததுதான் சாமான். எங்கள் முதலாளி இன்றைக்கும் தட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டால் லொறிக்குச் சொல்லிவிடுவார்.

2022இல் அப்படித்தான் ஒன்றரை வருடத்துக்குச் சிற்றிக் அமிலம் வாங்கினோம். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கிற சாமான். அடுத்த மாரி முடிய மூட்டைக்குள் பாறையாக இறுகிவிட்டது, அலவாங்கால் உடைத்தோம். விலையும் சேர்த்து அச்சிட்ட லேபல் இரண்டு வருடத்துக்கு அடித்து வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் விலை மாறியது, லேபல் அத்தனையும் குப்பை. காசு இவற்றில் முடங்கிக் கிடந்ததால் மூடி வாங்கக் காசில்லை.

பார்க்கவேண்டியது இரண்டு. ஒவ்வொரு பொருளும் எத்தனை நாளுக்குப் போதும் என்று நாள்கணக்கில் எழுதுங்கள், மூட்டைக்கணக்கு ஏமாற்றும். அடுத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் இரட்டிப்பாக ஓடர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாரும் இரட்டிப்பாகக் கேட்கும்போது மொத்த வியாபாரி தேவை கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் கூட இறக்குவார். பிறகு எல்லாருடைய ஓடரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும், விலை விழும். வேண்டிய அளவைத் திகதியோடு சொல்லி, மூன்று மாதத்துக்கு முன்பே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் நல்லது.

"பொருள் வருது, விலைதான் நிற்குதில்லை"

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. எந்தெந்தப் பொருள் டொலரோடு ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். பெட் பிளாஸ்டிக்கும் சிற்றிக் அமிலமும் செத்தலும் ஏறும், மாம்பழம் ஏறாது என்று நினைப்போம். டீசல் ஏறினால் அதுவும் ஏறும். கடைகளோடு செய்கிற ஒப்பந்தத்தில் விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதுங்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறவர்களுக்கு டொலரிலோ பவுண்டிலோ காசு வருகிறது, அவர்கள் மூச்சுவிடலாம். உள்ளூருக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

"வந்தது சரியான நாளில், ஆனால் சரியான சாமான் இல்லை"

தட்டுப்பாடு வரும்போது கலப்படமும் வரும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை எகிறியபோது, மஞ்சள்தூள் என்ற பெயரில் மாவு கலந்ததெல்லாம் சந்தைக்கு வந்தது. ஆகவே விலை ஏறுகிற பொருளுக்குச் சோதனையும் ஏறவேண்டும். செத்தலில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நாங்கள் இறக்குவதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு வரும், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. மூட்டையின் வாயிலிருந்து மட்டும் எடுத்துப் பார்க்கவேண்டாம், நடுவிலும் அடியிலும் குத்தி எடுங்கள். அடியில்தான் விளையாட்டு.

ஒவ்வொரு லொட்டிலும் கால் கிலோ மாதிரியை எடுத்து வையுங்கள், எந்த லொட் எந்தத் தயாரிப்புக்குள் போனது என்பதையும் எழுதுங்கள். 2005இல் பிரித்தானியாவில் சூடான் 1 என்ற தடைசெய்யப்பட்ட சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சோஸுக்குள் போய், அந்தச் சோஸ் சேர்ந்த நானூறுக்கு மேற்பட்ட உணவுப்பொருட்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கவேண்டி வந்தது. வெளிநாட்டுக்கு மிளகாய்த்தூள் அனுப்புகிற எங்கள் ஊர்க்காரர் எல்லாரும் தெரிந்திருக்கவேண்டிய கதை.

"சப்ளையர் போன் எடுக்கிறார் இல்லை"

அது கடைசிக் கட்டம். முன் அறிகுறிகள் இருந்திருக்கும்: கடனுக்குத் தந்தவர் முற்காசு கேட்கத் தொடங்குவார், நூறு கேட்டால் அறுபது அனுப்புவார், வழக்கமாகப் பேசுகிற பிள்ளை வேலையை விட்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு தரம் நேரில் போய்ப் பாருங்கள். இரவு பஸ் ஏறினால் விடிய அவர் வாசலில் நிற்கலாம். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதைப் போனில் அறியமுடியாது. முற்காசு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு லொட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

"மழை வந்தால் எல்லாம் நிற்குது"

வடக்குக்கு மாரி ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. புயலும் அந்த நேரத்தில்தான். வருடா வருடம் வருவதைத் திடீர் இடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. புரட்டாதி முடிவதற்குள் லைனை நிறுத்தக்கூடிய பொருட்களை மட்டும் ஏற்றி வைக்கிறோம், பலகைக்கு மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஜெனரேட்டருக்கு டீசலையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

"ஒரு குறையும் இல்லை"

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பொருளைத் தெரிவுசெய்து, நாளையிலிருந்து அது வராது என்று வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருந்து பேசுங்கள். அரை மணித்தியாலம் போதும். போன மாதம் லேபலை எடுத்தோம். "வேறு அச்சகத்தில் அடிக்கலாம்தானே" என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். கணினியில் இருக்கும் பிள்ளை கேட்டது: "அடிக்கலாம் அண்ணா, ஆனால் எங்கட லேபலின்ரை டிசைன் பைல் எங்க?"

எட்டு வருடமாக அடிக்கிற லேபல். பைல் எங்களிடம் இல்லை, அச்சகத்தில் ஒரேயொரு கணினியில் இருந்தது. அன்று பின்னேரமே ஒரு பெட்டி நெல்லிக் கிரஷையும் பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு போனேன்.